மார்த்தினிக்ல கப்பல் நிக்குற அந்த ஒரு பகல்: முதல் தடவை போறவங்களுக்கு

கரீபியன் கப்பல் டூர் புக் பண்ணும்போது ஒவ்வொரு தீவுக்கும் நேரே காலைல 8 மணி, சாயங்காலம் 5 மணின்னு போட்டிருப்பாங்க, அத பாத்துட்டு ஒன்பது மணி நேரம் இருக்கே தீவையே ஒரு சுத்து சுத்திடலாம்னு கணக்கு போடாதீங்க. 8 மணிக்கு கப்பல் கரைல கட்டுவாங்க, உள்ளூர் அதிகாரிங்க பேப்பர் எல்லாம் பாத்து சரின்னு சொன்னப்புறம்தான் கதவு திறக்கும், எல்லாரும் ஒரே நேரத்துல கீழ இறங்குறதால லிஃப்ட் பக்கம் திருவிழா கூட்டமா இருக்கும், நீங்க தரைல கால் வைக்க 8:45 ஆயிடும். 5 மணிக்கு கிளம்புற கப்பல்ல 4:30க்குள்ள ஏறியிருக்கணும், நான் 3:30க்கே துறைமுக வாசல்ல இருக்கணும்னு வச்சிக்கிறேன். ஆக கைல இருக்கிறது ஆறே முக்கால் மணி நேரம், அதுல ஒரு சாப்பாடு, ஒரு போக்குவரத்து, ஒரு இடம், அவ்ளோதான். அந்த ஒரு இடத்த சரியா தேர்ந்தெடுத்துட்டா நாள் அருமையா போகும்.

எல்லா தீவுக்கும் பொதுவா எழுதினா யாருக்கும் உபயோகப்படாது, அதனால நான் ரெண்டு தடவை இறங்கின மார்த்தினிக்கை மட்டும் எடுத்துக்குறேன். பிரான்ஸோட தீவு இது, 1946லேர்ந்து பிரான்ஸோட ஒரு மாவட்டமாவே இருக்கு, கப்பல் நிக்குற ஊர் ஃபோர் து பிரான்ஸ், தீவோட தலைநகர். நம்ம ஆளுங்களுக்கு இங்க ஒரு சொந்தமும் இருக்கு, அத கீழ சொல்றேன்.

புக் பண்றதுக்கு முன்னாடி

விசாவ முதல்ல பாருங்க. மார்த்தினிக் பிரான்ஸ்தான், ஆனா ஒரே விசால போய் வர்ற ஐரோப்பிய நாடுங்க சேர்ந்த ஷெங்கன் பகுதிக்குள்ள வராது, அதனால எங்கிட்ட ஷெங்கன் விசா இருக்கு போதும்னும் இருந்துடாதீங்க, கப்பல்லயே தானே திரும்பறோம் எதுவும் வேணாம்னும் இருந்துடாதீங்க. இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க ரெண்டு பேருமே கப்பல் கம்பெனிக்கு மெயில் போட்டு, உங்க பாஸ்போர்ட் எந்த நாடு, கப்பல் எங்கெங்க நிக்குது எல்லாம் எழுதி, பதிலையும் எழுத்துல வாங்கி வச்சிக்கோங்க. ஃபோன்ல ஒருத்தர் சொன்னாருன்னு கப்பல் ஏறுற கவுன்ட்டர்ல சொன்னா நிக்காது. மயாமிலேர்ந்தோ புவேர்ட்டோ ரிக்கோவோட சான் வான்லேர்ந்தோ கிளம்புற கப்பல்னா அமெரிக்காவ விட்டு வெளிய போயி திரும்ப உள்ள வர்றீங்க, அதுக்கு மல்டிப்பிள் என்ட்ரி விசா வேணும், எச்1பி வேலை விசால அமெரிக்கால இருக்கவங்க பாஸ்போர்ட்ல இருக்கிற ஸ்டாம்ப்போட தேதி முடிஞ்சிருக்கான்னு இப்பவே எடுத்து பாருங்க.

அடுத்தது கிழமை. கப்பல் அங்க போறது ஞாயித்துக்கிழமையா இல்ல பிரெஞ்சு லீவு நாளான்னு காலண்டர்ல பாருங்க. எங்க முதல் தடவை ஞாயித்துக்கிழமை, நாங்க இறங்கி நடந்தா தெரு முழுக்க ஷட்டர் சாத்தியிருக்கு, மார்க்கெட் மூடியிருக்கு, அம்மா ரொம்ப ஆசையா வந்தவங்க பாவம் மூடின கடை கண்ணாடிக்குள்ளயே எட்டி எட்டி பாத்துட்டு வந்தாங்க. சனிக்கிழமையும் மத்தியானத்துக்கு மேல நிறைய கடை மூடிடுவாங்க. மே மாசம் போறவங்க இன்னும் கவனம், மே 1, மே 8, மே 22 மூணும் லீவு. மே 22 மார்த்தினிக்கோட சொந்த நாள், 1848ல அடிமை முறை இங்க ஒழிஞ்ச நாள். ஞாயித்துக்கிழமைதான் அமையுதுன்னா ஊர் சுத்துற திட்டத்த விட்டுட்டு வடக்க இருக்கிற சேன் பியேர்ங்கிற ஊருக்கு போயிடுங்க.

கடிகாரம்

புதுசா போறவங்க நிறைய பேர் மாட்டிக்கிறது இங்கதான், கொஞ்சம் பொறுமையா படிங்க. மார்த்தினிக்ல வருஷம் முழுக்க ஒரே நேரம், கடிகாரத்த முன்ன பின்ன தள்ளுற வழக்கமே கிடையாது. மயாமில அது உண்டு. அதனால நவம்பர் தொடக்கத்துலேர்ந்து மார்ச் ரெண்டாவது வாரம் வரைக்கும் மயாமிய விட மார்த்தினிக் ஒரு மணி நேரம் முன்னாடி இருக்கும், மத்த மாசங்கள்ல ரெண்டும் ஒண்ணு. சில கப்பல் வழி முழுக்க கிளம்பின ஊர் நேரத்தயே வச்சிருக்கும், சிலது ஒவ்வொரு தீவுக்கும் மாத்தும். கப்பல் மயாமி நேரத்துலயே இருந்துச்சுன்னா கப்பல்ல 8 மணி ஆகும்போது தீவுல 9 ஆயிருக்கும், நீங்க தீவு ஆளுங்ககிட்ட நேரடியா 9 மணி டூர் புக் பண்ணியிருந்தா கப்பல் கதவு திறக்குறதுக்குள்ள வண்டி போயிடும். ஃபெரி நேரம், மியூசியம் மூடுற நேரம், டாக்ஸிகாரர் சொல்ற நேரம் எல்லாமே தீவு நேரம், கப்பல் ஏற வேண்டியது மட்டும் கப்பல் நேரம். உங்க ஃபோன் டவர் கிடைச்சதும் தானா மாறிடும், அதனால ஒரு சாதாரண கை கடிகாரத்த கப்பல் நேரத்துக்கு வச்சு கட்டிக்கோங்க, இறங்கும்போது வாசல்ல எழுதி வச்சிருக்கிற நேரத்த ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

பைல என்ன

கப்பல் கார்டு, பாஸ்போர்ட்டோட காப்பி ஒண்ணு, ஃபோட்டோ இருக்கிற வேற ஒரு ஐடி. கப்பல்ல தினமும் தர்ற பேப்பர்ல அந்த துறைமுகத்தோட ஏஜென்ட் நம்பர் இருக்கும், அத கிழிச்சோ ஃபோட்டோ எடுத்தோ வச்சிக்கோங்க, கப்பல தவற விட்டா நீங்க கூப்பிட வேண்டிய ஆள் அவர்தான்.

காசு யூரோ. மத்த தீவுங்கள்ல டாலர் ஓடுற மாதிரி இங்க சின்ன கடைங்கள்ல ஓடாது, மார்க்கெட் அம்மாங்க டாலர பாத்தா தலைய ஆட்டிடுவாங்க. ஒரு ஐம்பது யூரோ சில்லறையா, பத்து, அஞ்சு நோட்டா வச்சிருந்தா போதும், பெரிய கடைங்கள்ல கார்டு போடலாம், இந்திய கார்டுன்னா வெளிநாட்டு பயன்பாட்ட ஊர்லேர்ந்தே ஆன் பண்ணிட்டு வாங்க. ஐரோப்பிய யூனியன் நாடுங்கள்ல இருக்கிற சொந்தக்காரங்க கூட வந்தா அவங்க சிம் இங்க அங்க மாதிரியே வேலை செய்யும், அமெரிக்க சிம்காரங்க ரோமிங் எவ்ளோன்னு முன்னாடியே பாத்துக்கோங்க, இல்லன்னா மேப்ப ஆஃப்லைன்ல இறக்கி வச்சிக்கோங்க.

இங்கிலீஷ் ரொம்ப கம்மி, பிரெஞ்சும் கிரியோல்ங்கிற உள்ளூர் மொழியும்தான். நாலு வார்த்தை போதும். கடைக்குள்ள நுழைஞ்சதும் விலைய கேக்காதீங்க, முதல்ல 'போன்ஜூர்' சொல்லுங்க, அது சொல்லாம பேச ஆரம்பிச்சா மரியாத தெரியாத ஆளுன்னு நினைப்பாங்க, சொல்லிட்டீங்கன்னா முகம் அப்டியே மலர்ந்துடும், இது உண்மையா நான் பாத்தது. 'கொம்பியான்' எவ்ளோ. 'மெர்சி' நன்றி. சைவம் சாப்பிடுறவங்க 'சான் வியாந்த், சான் புவாசோன்' சொல்லி பழகிக்கோங்க, கறி இல்லாம மீன் இல்லாமன்னு அர்த்தம்.

இறங்கினதும்

கப்பல் நிக்க ரெண்டு இடம் இருக்கு. புவான்த் சிமோன்ல நின்னா நீங்க ஊருக்குள்ளயே இறங்குறீங்க, அஞ்சு பத்து நிமிஷத்துல லா சவான் மைதானம் வந்துடும். தூரெல்ல நின்னா ஊருக்கு இருவது நிமிஷம் நடக்கணும், வெயில்ல பெரியவங்க கூட இருந்தா டாக்ஸி பாருங்க. ரெண்டு இடத்துலயும் கப்பல் கரையோட ஒட்டி நிக்கும், சின்ன போட்ல மாறி ஏறுற வேலை இல்ல, சக்கர நாற்காலி வச்சிருக்கவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

டாக்ஸி பேசும்போது விலை வண்டிக்கா ஆளுக்கா, போகவா போக வரவா, அங்க எவ்ளோ நேரம் காத்திருப்பாங்க, இந்த மூணையும் கேட்டு, தொகைய ஒரு பேப்பர்ல எழுதி காட்ட சொல்லி அப்புறம் ஏறுங்க. பக்கத்துல நிக்குற வேற கப்பல் குடும்பத்தோட சேந்து போனா பாதி செலவு.

இப்ப அந்த ஒரு இடம். எனக்கு தெரிஞ்சு முதல் தடவை வர்றவங்களுக்கு மூணு வழி இருக்கு, வடக்க சேன் பியேர், எதிர்க்கரை பீச், இல்லன்னா ஊருக்குள்ளயே. தெக்க இருக்கிற சலீன் பீச் படத்துல பாக்க சொர்க்கம் மாதிரி இருக்கும், எல்லாரும் அத காட்டுவாங்க, ஆனா தீவோட அந்த கோடில இருக்கு, திரும்பி வர்ற ரோடு லமாந்தேன் பக்கம் சாயங்காலம் டிராஃபிக்ல அப்டியே நின்னுடும், கப்பல் நாள்ல அந்த ரிஸ்க் வேண்டாம். கப்பல் கம்பெனியே நடத்துற டூர்ல போனா லேட் ஆனாலும் கப்பல் காத்திருக்கும், நீங்களா போனா காத்திருக்காது, தெக்கதான் போவேன்னு அடம் பிடிக்கிறவங்க கப்பல் டூர்லயே போங்க.

என் தேர்வு: சேன் பியேர்

ஃபோர் து பிரான்ஸ்லேர்ந்து கடலோரமா வடக்க சுமார் 30 கிலோமீட்டர், டிராஃபிக் பொறுத்து முக்கால் மணி நேரத்துலேர்ந்து ஒரு மணி நேரம். இடது பக்கம் கடல், வலது பக்கம் பச்சை மலை, நடுவுல கர்பேன்னு ஒரு ஊர் வரும், ஓவியர் கோகேன் 1887ல சில மாசம் தங்கினது அங்கதான்.

சேன் பியேர் ஒரு காலத்துல இந்த தீவோட பெரிய ஊர், தியேட்டரு, வியாபாரம், துறைமுகம்னு அவ்ளோ செழிப்பா இருந்ததால சின்ன பாரிஸ்னு கூப்பிட்டாங்க. 1902 மே 8, காலைல எட்டு மணி வாக்குல, ஊருக்கு மேல நிக்குற பெலே எரிமலை வெடிச்சுது. படத்துல பாக்குற மாதிரி லாவா மெதுவா ஓடி வரல, கொதிக்கிற வாயுவும் சாம்பலும் ஒண்ணா சேர்ந்த மேகம் மலைலேர்ந்து உருண்டு இறங்கி ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல ஊர மூடிடுச்சு. சுமார் 28,000 பேர் செத்துப் போனாங்க, கரைல நின்ன கப்பலுங்களும் எரிஞ்சு மூழ்கிச்சு. பல நாளாவே சாம்பல் விழுந்துட்டு இருந்தும் நிறைய பேர் ஊர விட்டு போகல, சுத்து கிராமத்துலேர்ந்து பயந்து ஓடி வந்தவங்களும் ஊருக்குள்ளதான் இருந்தாங்க, அத நினைச்சா மனசு கனத்துடும். ஊருக்குள்ள இருந்து பிழைச்சவங்கள விரல் விட்டு எண்ணிடலாம், அதுல ஒருத்தர் சிபாரிஸ், ஜெயில்ல தடிச்ச கல் சுவர் அறைக்குள்ள தனியா அடைச்சு வச்சிருந்த கைதி. அந்த அறை இன்னமும் இருக்கு, தியேட்டர் இடிபாட்டுக்கு பக்கத்துலயே. தியேட்டரோட படிக்கட்டு மட்டும் மேல ஏறிப் போகுது, அதுக்கு அப்புறம் வானம்தான்.

இங்க வரிசை இப்படி வச்சிக்கோங்க: முதல்ல தியேட்டரும் ஜெயில் அறையும், அங்கேர்ந்து கொஞ்ச தூரத்துல இருக்கிற நினைவு மியூசியம். அமெரிக்க எரிமலை ஆராய்ச்சியாளர் ஃபிராங்க் பெரே 1933ல ஆரம்பிச்சது அது, 2019ல புதுப்பிச்சு திறந்தாங்க. உள்ள கதீட்ரலோட வெண்கல மணி நசுங்கிப் போயி கிடக்கும், சுவர்ல செத்தவங்க பேரு கிடைச்ச வரைக்கும் எழுதியிருக்காங்க, அங்க ஒரு பத்து நிமிஷம் பேசாம நில்லுங்க. அப்புறம் கீழ இறங்கி கடற்கரைல சாப்பிடுங்க, மணல் கறுப்பு சாம்பல் நிறமா இருக்கும், எரிமலை மணல். 2023ல பெலே மலையும் வடக்கு காட்டு சிகரங்களும் யுனெஸ்கோ உலக பாரம்பரிய பட்டியல்ல சேந்துச்சு.

அந்த கடலோரத்துல நிக்கும்போது இன்னொண்ணும் நினைச்சுப் பாருங்க. 1853 மே 6, ஒரேலின்னு ஒரு கப்பல் இதே ஊர் கரைக்கு வந்துச்சு, அதுலதான் இந்தியாலேர்ந்து முதல் கூலி ஜனங்க மார்த்தினிக்குக்கு வந்தாங்க. அடிமை முறை ஒழிஞ்சதும் கரும்பு தோட்டத்துக்கு ஆள் பத்தலன்னு பாண்டிச்சேரி, காரைக்கால் வழியா ஒப்பந்தம் போட்டு கூட்டிட்டு வந்தாங்க, அடுத்த முப்பது வருஷத்துல சுமார் 25,000 பேர், பெரும்பாலும் தமிழ் ஜனங்க. நிறைய பேர் திரும்பி போகவே இல்ல. அவங்க வாரிசுங்க இப்ப பேசுறது பிரெஞ்சும் கிரியோலும், ஆனா வடக்க பாஸ் புவான்த் பக்கம் மாரியம்மன இன்னமும் மாரியேமென்னு கும்பிடுறாங்க. அந்த பக்கம் போகணும்னா கப்பல் நாள் பத்தாது, ஒரு வாரம் தங்குற மாதிரி இன்னொரு தடவை வரணும்.

திரும்புற வண்டிய 1:30க்கு மேல தள்ளாதீங்க. ஷேர் டாக்ஸி வேன் புவான்த் சிமோன் பக்கத்துலேர்ந்து கிடைக்கும், விலை கம்மி, ஆனா ஆள் நிரம்பினாதான் எடுப்பாங்க, மத்தியானத்துக்கு மேல திரும்ப கிடைக்கும்னு நம்பி போகக்கூடாது. போக வர பேசின டாக்ஸிதான் பத்திரம்.

பீச்தான் வேணும்னா

ஊர் கரைலேர்ந்தே எதிர்க்கரைக்கு ஃபெரி போகுது, புவான்த் து பூ, ஆன்ஸ் மித்தான், ஆன்ஸ் ஆ லான் மூணும் பக்கத்து பக்கத்துல. இருவது நிமிஷ கடல் பயணம், டாக்ஸில விரிகுடாவ சுத்தி போறதுக்கு குடுக்குறதுல ஒரு சின்ன பங்குதான் டிக்கெட், டிராஃபிக்கும் கிடையாது. குழந்தைங்க இருந்தா ஆன்ஸ் மித்தான், அலை அடங்கியிருக்கும். ஏறும்போதே திரும்புற போட் நேரத்த ஃபோட்டோ எடுத்துக்கோங்க, கடைசி போட்ட நம்பாதீங்க, அதுக்கு ரெண்டு போட் முன்னாடி ஏறுங்க. ஞாயித்துக்கிழமை போட் கம்மி.

பீச்ல ஒரு எச்சரிக்கை, பெரியவங்க குழந்தைங்க எல்லாருக்கும் சொல்லி வைங்க. கரீபியன் கடற்கரைங்கள்ல மான்சனியேன்னு ஒரு மரம் இருக்கு, சின்ன பச்சை ஆப்பிள் மாதிரி காய், வாசனையும் நல்லா இருக்கும், ஆனா கடுமையான விஷம். சாப்பிடுறது மட்டும் இல்ல, பால் தோல்ல பட்டாலே கொப்புளம் வரும், மழைக்கு அந்த மரத்தடில ஒதுங்கினா மேல சொட்டுற தண்ணியே போதும் தோல் வெந்துடும். பல இடத்துல அடிமரத்துல சிவப்பு பெயின்ட் அடிச்சிருப்பாங்க, போர்டு வச்சிருப்பாங்க, ஆனா எல்லா மரத்துக்கும் இருக்காது. தெரியாத மரத்தடில நிக்காதீங்க, காய எடுக்காதீங்க.

ஊருக்குள்ளயே இருக்கிறவங்க

வயசானவங்க, கால் வலி இருக்கவங்களுக்கு இதுவே நல்ல நாள். லா சவானுக்கு எதிர்ல ஷெல்ஷேர் லைப்ரரிய பாருங்க, இரும்பும் கண்ணாடியும் கலர் ஓடும் சேந்த கட்டடம், பாரிஸ்ல செஞ்சு, பிரிச்சு, கப்பல்ல கொண்டு வந்து பூட்டினது, 1893ல திறந்தாங்க. அடிமை முறை ஒழிய பாடுபட்ட விக்தோர் ஷெல்ஷேர் தன்னோட புத்தகங்கள குடுத்ததால அவர் பேரு. ஊரோட மேயரா 1945லேர்ந்து 2001 வரைக்கும் இருந்தவர் கவிஞர் எமே செசேர், இன்னைக்கும் அவர் பேர மரியாதையோட சொல்றாங்க, ஏர்போர்ட்டுக்கும் அவர் பேருதான். நெப்போலியன் மனைவி ஜோசஃபீன் இந்த தீவுல பிறந்தவங்க, லா சவான்ல அவங்க சிலை இருந்துச்சு, அடிமை முறைய திரும்ப உறுதி பண்ணதுக்கு அவங்களும் காரணம்னு ஜனங்களுக்கு கோவம், 1991ல தலைய எடுத்துட்டாங்க, 2020ல சிலையவே சாச்சுட்டாங்க.

அங்கேர்ந்து மார்க்கெட்டுக்கு போங்க, காலைல போங்க. எங்க ரெண்டாவது தடவை புதன்கிழமை, உள்ள நுழைஞ்சதும் அம்மா அப்டியே நின்னுட்டாங்க, ஏன்னா வாசனை எங்க வீட்டு அடுப்படி வாசனை. கொலொம்போன்னு ஒரு மசாலா பொடி, மல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு, நம்ம குழம்புப் பொடிக்கு சித்தி பொண்ணு மாதிரி. பேரு கொழும்பு ஊர்லேர்ந்து வந்துச்சா குழம்புங்கிற சொல்லுலேர்ந்து வந்துச்சான்னு ரெண்டு விதமா சொல்றாங்க. பக்கத்துல சௌசௌ அடுக்கியிருக்கும், அவங்க கிறிஸ்டோஃபின்னு சொல்றாங்க, வெண்டைக்காய் கொம்போ, ஈரப்பலா, சேப்பங்கிழங்கு எல்லாம் இருக்கும். அம்மாங்க தலைல கட்டியிருக்கிற கட்டம் போட்ட துணிக்கு பேரே மதராஸ், நம்ம மெட்ராஸ்தான், முடிச்சு எத்தனை முனைன்னு வச்சு கல்யாணம் ஆச்சா இல்லையான்னு சொல்ற வழக்கம் ஒரு காலத்துல இருந்துச்சு.

சாப்பாட்டுக்கு கொலொம்போ கோழி, கொலொம்போ ஆடு, ரெண்டும் நம்ம நாக்குக்கு பிடிக்கும், காரம் கம்மி, தனியா மிளகாய் கேட்டு வாங்கிக்கலாம், அந்த மிளகாய் ரொம்ப காரம், துளி போதும். அக்ரான்னு வடை மாதிரி சூடா தருவாங்க, அதுல உப்பு மீன் இருக்கும், சைவக்காரங்க பாக்காம வாய்ல போட்டுடாதீங்க. பூதேன்ங்கிறது பன்றி ரத்தம் சேர்த்த தொத்திறைச்சி, சாப்பிடாதவங்க பேர ஞாபகம் வச்சிக்கோங்க. தெருவுல மரத் தொட்டில கைல சுத்தி தேங்காய் ஐஸ்கிரீம் விப்பாங்க, பட்டையும் ஜாதிக்காயும் போட்டது, அத விட்டுட்டு வராதீங்க.

கடையெல்லாம் மத்தியானம் ரெண்டு மணி நேரம் மூடுறது உண்டு, வாங்குறத 12க்குள்ள வாங்குங்க. ரம் வாங்குறவங்களுக்கு ஒரு தகவல், இங்க வெல்லப்பாகுலேர்ந்து இல்லாம நேரா கரும்பு சாறுலேர்ந்து வடிப்பாங்க, 1996லேர்ந்து அதுக்கு பிரான்ஸோட தரச் சான்று இருக்கு, ஆனா பாட்டில கப்பல் வாசல்ல வாங்கி வச்சிட்டு டூர் முடியுற நாள்தான் பொதுவா திருப்பித் தருவாங்க. மசாலா பொடிய கடைல ஒட்டின லேபிள் பாக்கெட்டாவே வாங்குங்க, சுத்தின காகிதப் பொட்டலம்னா கஸ்டம்ஸ்ல கேள்வி வரும். பழம், காய், செடி வாங்கி கப்பலுக்குள்ள கொண்டு போக முடியாது, மாம்பழத்த அங்கயே நின்னு சாப்பிட்டுடுங்க.

3:30க்கு வாசலுக்கு வந்துட்டீங்கன்னா வரிசை சின்னதா இருக்கும், கார்டும் ஐடியும் கைல எடுத்து வச்சிக்கோங்க, பைய ஸ்கேன் பண்ணுவாங்க. உள்ள போனதும் குளிக்க ஓடாம கப்பலோட வடக்கு பார்த்த பக்கம் மேல் தளத்துக்கு ஏறுங்க, மேகம் விலகியிருந்தா கப்பல் கிளம்பும்போது பெலே மலையோட உச்சி தெரியும்.